இரண்டு கல்தூக்கி வீடுகள்

1. முதல் போன்

துபாய் கராமாவில் ஷாகுல் பாய் ஆபீசில் நான் சேர்ந்தது டீ போடவும் கூட்டிப் பெருக்கவும்தான். அதற்கு முன்னால் பல வருஷம் வீடுகளில் சமையல் செய்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை. முன் அறையில் டைப்பிங் வேலை நடக்கும். விசா பாரம், சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், மொழிபெயர்ப்பு என்று ஆட்கள் வந்து போவார்கள். பின் அறையில் பாய் தன் மனசுக்குப் பிடித்த வேலையைச் செய்வார். யாராவது வந்து, எங்கள் வகையறா எங்கிருந்து வந்தது, யாருக்கு யார் என்ன வேண்டும் என்று எழுதித் தாருங்கள் என்பார்கள். பாய் பழைய சென்சஸ் புத்தகம், ஊர்க் கணக்கு, ஓட்டர் லிஸ்ட் எல்லாம் தேடி, கிளை கிளையாக வரைந்து பைல் போட்டுக் கொடுப்பார்.

சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். பின் அறையிலிருந்து பாய் கூப்பிட்டார். கையில் போன்.

"அக்கா, ஒரு வகையறா விசயமா ஊர்ல இந்த அம்மாட்ட கேக்கணும், எங்கிட்ட பேச மாட்டேங்குது. ஆம்பளைக் கொரல் கேட்டாலே வீட்டுல ஆள் இல்லன்னு வச்சிருது. நீங்க கொஞ்சம் பேசுங்க."

எனக்கு யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. கடைக்காரர் மிச்சக் காசு குறைத்துக் கொடுத்தால்கூடப் பேசாமல் வந்துவிடுவேன்.

"நான் என்னத்த பாய் பேசுறது?"

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. மிச்சத்த அவங்க பேசுவாங்க."

போட்டேன். அந்தப் பக்கம் "அலோ" என்றதும் பயத்தில் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன், மறுபடி வைத்துவிட்டேன். பிறகு அந்த அம்மாவே கூப்பிட்டது.

"எவடி அவ, சும்மா சும்மா அடிச்சு வைக்கிறவ? வேலை வெட்டி இல்லயா?"

"சாப்பிட்டீங்களா ஆத்தா?" என்றேன்.

அந்த அம்மாவின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அப்புறம், "இன்னும் இல்லடி. சோறு இப்பத்தான் கொதிக்குது" என்று ஆரம்பித்தது. சோறு கொதித்து, வடித்து, ஆறியே போயிருக்கும். அவ்வளவு பேச்சு. பாய் எதிரில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து டீ, துடைப்பம், போன் மூன்றும் என் டியூட்டி.

இப்போது பாய் புதிதாக இரண்டு பிள்ளைகளை இந்த வேலைக்கு எடுத்திருக்கிறார். அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கூச்சம். "அப்ப எழுதிக் குடுங்க, அதுங்க படிச்சுக்கும்" என்றார். அதனால் இது.

2. சென்சஸில் பேர் இருக்காது

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, "வெள்ளக்காரன் காலத்து சென்சஸைப் பாருங்க, எங்க தாத்தா பேர் இருக்கும்" என்பதுதான். இருக்காது. நம் ஊர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் எழுதின தாள்களை எண்ணி முடித்ததும் கழித்துவிட்டார்கள் என்று பாய் சொல்வார். அச்சடித்த புத்தகத்தில் எண்ணிக்கைதான் நிற்கிறது. இந்த ஊரில் இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண். அதைக் கேட்டதும் வந்தவர் முகம் விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்து டீ கொண்டு போக வேண்டும்.

பேர் வேண்டுமென்றால் ஊரில்தான் தேட வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வரி போட தலைக்கட்டுக் கணக்கு எழுதுவார்கள். கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. அவர் பேருக்கு முன்னால் வீட்டுப் பேரோ வகையறாப் பேரோ இருக்கும். பழைய கணக்கு பத்திரமாக இருக்கிற ஊர் குறைவு. இருந்தால் யாரையாவது பிடித்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார் பாய்.

ஆனால் வெறும் காகிதத்தை வைத்து அவர் பைலை மூட மாட்டார். காகிதத்துக்கு மேல் இரண்டு வாய் வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஊரிலிருக்கிற ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. ஆம்பளையிடம் பாய் பேசுவார். பொம்பளையிடம் நான்.

3. ரம்யா

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. யூனிபார்மோடு, லஞ்ச் பிரேக்கில் ஓடி வந்திருந்தாள். பேர் ரம்யா. கழுத்தில் தொங்கின அட்டையில் ரம்யா கல்தூக்கி என்று போட்டிருந்தது.

பாய் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இப்படி ஒரு சர்நேம் நான் கேட்டதே இல்ல."

"யாருமே கேட்டதில்ல அங்கிள். ஏர்போர்ட்ல மூணு தடவ சொல்லணும்."

நம் ஆட்களுக்குக் கடைசிப் பேர் என்று ஒன்று ஏது? அப்பா பேரின் முதல் எழுத்தோடு சரி. ஆனால் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அப்போதெல்லாம் ஏஜென்டுகள் விடமாட்டார்கள். ரம்யாவின் அப்பா வகையறாப் பேரைச் சொல்லியிருக்கிறார், ஏஜென்ட் அதையே எழுதிவிட்டான். முன்னோர் ஒருவர் ஊர்ப் பொதுவில் கிடந்த இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் வைத்தாராம். அதிலிருந்து கல்தூக்கி வகையறா.

ரம்யாவுக்கு அந்தப் பேர் மேல் கோபம். ஏனென்றால் கிளினிக்குக்குப் பல்வலி என்று ஒரு பையன் வந்தான். பாரத்தில் அருண் கல்தூக்கி என்று எழுதினான்.

"நான் யாரோ விளையாடுறாங்கன்னு நெனச்சேன் அங்கிள். ஐடி காட்டுங்கன்னேன். அவன் என் பேட்ஜைப் பாத்துட்டு, 'நீங்க முதல்ல காட்டுங்க'ன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பல்லு சரியாயிருச்சு, வர்றத நிறுத்தல."

நான் சமையல் மூலையில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்து, ரம்யா வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்பா ராஜமாணிக்கம், ஷார்ஜாவில் இரும்பு வேலை நடக்கிற யார்டில் போர்மேன். பையன் பேரைக் கேட்டதுமே, "ஒரே வகையறா. பங்காளி. அவன் உனக்கு அண்ணன் முறை" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. அவர் அடுத்த மாதம் லீவில் போகிறார், வேறு மாப்பிள்ளை பேசி முடிக்க.

"அவங்க வேற ஆளுங்கன்னு எழுத்துல காட்டு, ஒத்துக்கிறேன்னு அப்பா சொல்லியிருக்காங்க. நீங்க தேடிக் குடுங்க அங்கிள். பேர் மட்டும்தான் ஒண்ணு, குடும்பம் வேறன்னு."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இருக்கிறதத்தான்மா குடுப்பேன். நீ கேக்குறத இல்ல."

"சரி அங்கிள்" என்றாள். ஆனால் அவள் கேட்டது கிடைத்துவிடும் என்று நம்பித்தான் போனாள். நடையிலேயே தெரிந்தது.

4. ஒரு வீடு, பிறகு இரண்டு வீடு

ரம்யா சொன்ன ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சென்சஸ் புத்தகத்தில் ஊர்ப் பேர் இருந்தது, வீட்டு எண்ணிக்கை இருந்தது, எப்போதும் போல ஆள் பேர் இல்லை. ஓட்டர் லிஸ்டில் பாய் தேடினார், கல்தூக்கி என்று வேறு எந்த ஊரிலும் ஒருவர்கூட இல்லை. அப்படியென்றால் இரண்டு பேரும் ஒரே ஊர் வேரில் இருந்து வந்தவர்கள்தான்.

கோயில் தலைக்கட்டுக் கணக்கு கிடைத்தது. பழைய கணக்கில் கல்தூக்கி வீடு ஒன்றே ஒன்று. அடுத்து எழுதின கணக்கில் இரண்டு, பக்கத்துப் பக்கத்து வரியில். கல்தூக்கி சின்னையா, கல்தூக்கி மாயழகு. சின்னையா அருணுக்குப் பாட்டனாருக்கு அப்பா. மாயழகு ரம்யாவுக்குப் பாட்டனாருக்கு அப்பா.

பாய் பெருமூச்சு விட்டார். "ஒரு வீடு ரெண்டு வீடாயிருக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சிருக்காங்க. பங்காளிதான்க்கா."

ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் பேசினார். கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். "ரெண்டு வீடும் கல்தூக்கி வகையறாதானேய்யா?" என்று கேட்டார். "ஆமாய்யா, அதுல என்ன சந்தேகம்? ஒரே வகையறா, ஒரே சாமி" என்று அவர் சொன்னார். ஒரு வாய் ஆயிற்று.

ரம்யா அன்றைக்கும் லஞ்ச் பிரேக்கில் வந்தாள். பாய் விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. கொண்டு வந்த டிபன் பாக்ஸைத் திறக்காமலே மேஜையில் வைத்துக்கொண்டு, "பைல் முடிஞ்சிருச்சா அங்கிள்?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வாய் பாக்கி."

"யாரு?"

பாய் என்னைக் காட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்தில் இருக்கவே முடியவில்லை, டீத்தூள் வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். டீத்தூள் டப்பா நிறைய இருந்தது.

5. காத்தாயி அம்மாவின் வழக்கு

அருணின் அப்பா சென்னையில் குடியேறி, அங்கேயே தவறிவிட்டவர். ஊரில் அவருடைய அக்கா ஒருத்தி உண்டு, காத்தாயி என்று பேர். அறுபது தாண்டியவர். அருண் அந்த அத்தையிடம் பேசினதே இல்லை. நம்பரை ஊர்ப் பெரியவர் கொடுத்தார், அருண் விஷயமாகத் துபாயிலிருந்து போன் வரும் என்று அந்த அம்மாவிடமும் சொல்லி வைத்தார்.

எனக்குப் பேச விருப்பமே இல்லை. ஏற்கெனவே செத்த பாம்பை எதற்கு அடிக்க வேண்டும் என்று இருந்தது. சட்டம் என்பதால் போட்டேன்.

"சாப்பிட்டீகளா அக்கா?"

"நீ யாரு தாயி? துபாயா? நம்ம அருணு நல்லாருக்கானா? அந்தப் பயலுக்கு அத்தைன்னு ஒருத்தி இருக்குறது நெனப்புல இருக்கா?"

நல்லா இருக்கான் என்றேன். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. நாமாக எதையும் சொல்லக் கூடாது, அதுவும் சட்டம். மாயழகு வீட்டு ஆட்களைத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"ஏன் தெரியாம? அந்த வீட்டுப் பேச்சையே எடுக்காத. வயிறு எரியுது."

"என்னக்கா ஆச்சு?"

"எங்க அப்பாரு செத்தன்னைக்கி அந்த வீட்டுக்காரரு, மாயழகு மகன், கோடித் துணி கொண்டாந்து போட்டாரு பாரு. வேட்டியா அது? வலை. அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரியிது. எங்க அப்பாரு எப்பேர்ப்பட்ட மனுசரு, அவருக்குப் போடுற துணியா? ஊரே பாத்துச்சு. எங்க ஆத்தா அன்னைக்கி மூஞ்சியத் திருப்புனவதான். அப்புறம் அவரு செத்தப்ப எங்க சித்தப்பாரு பட்டுக்கரை வேட்டியா எடுத்துப் போட்டாரு. அப்பவாச்சும் புத்தி வரட்டும்னு."

"செத்தவருக்கு எப்பிடிக்கா புத்தி வரும்?"

"பாத்தவுகளுக்கு வரட்டும்னுதான்."

நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வேட்டியின் கரை, அகலம், வாங்கின கடை என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனது. போனை வைத்துவிட்டு டீ போடத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் சுடுகிற நேரத்தில்தான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

"அக்கா, கோடின்னா சொன்னீக? அவுக பங்காளி இல்லயா?"

"பங்காளியா? எந்த எடுபட்ட பய சொன்னான்? பங்காளி எதுக்குடி கோடி போடுறான்? மச்சான் மொறை. எங்க பாட்டனாருக்குக் கூடப் பொறந்த அக்காவக் கட்டுனவரு மாயழகு. எங்க பாட்டனாரு பினாங்குக்குக் கப்பலேறிட்டாரு, வீட்டையும் வயலையும் பாக்க ஆளில்ல. அதுனால மாப்பிள்ளைய வீட்டோட கொண்டாந்து வச்சாக. கல்தூக்கி வீட்டுல இருந்தாரு, கல்தூக்கின்னு எழுதிக்கிட்டான் வரி எழுதுறவன்."

6. பாய்க்கு விளக்கினது

பாய் அதிராம்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். நல்லது கெட்டதுக்கு எந்த உறவு என்ன கொண்டு போய்ச் செய்வது என்கிற இந்தச் செய்முறை அவருக்குத் தெரியாது. "எங்கள்ல இது இல்லக்கா. கொஞ்சம் வெளங்கச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் பங்காளிகள் அந்த வீட்டு ஆட்களோடு சேர்ந்து தீட்டுக் காப்பார்கள். அவர்களுக்கும் அது சொந்தச் சாவுதான், அதனால் துணி கொண்டு வர மாட்டார்கள். புதுத் துணி எடுத்து வந்து உடம்பின் மேல் போடுவது பெண் கொடுத்து எடுத்த பக்கம். மாமன், மச்சான், சம்பந்தி. அதற்குப் பேர்தான் கோடி. யார் எந்தப் பக்கம் என்பது அன்றைக்குத் தெருவே பார்க்கத் தெரிந்துவிடும்.

இதை நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். பாய் ஒரு தாளில் வரைந்தார். மேலே தம்பி சின்னையா, பக்கத்தில் அக்கா, அக்காவைக் கட்டின மாயழகு. கீழே இரண்டு கிளை. கடைசியில் இந்தப் பக்கம் அருண், அந்தப் பக்கம் ரம்யா.

"அப்ப இந்த ரெண்டு பேரும்?"

"அக்கா வழி ஒண்ணு, தம்பி வழி ஒண்ணு பாய். கட்டிக்கிற முறை."

"கட்டிக்கலாமா?"

"கட்டிக்கலாமாவா? அந்தக் காலமா இருந்தா கட்டாம விட மாட்டாங்க."

பாய் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் முன் அறையில் விசா பாரத்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவருக்கு மறுபடி போன் போட்டார். "மாயழகு வீட்டோட வந்த மாப்பிள்ளையாய்யா?"

"ஆமாய்யா, அது ஊருக்கே தெரியும்."

"நேத்து ஏன்யா சொல்லல?"

"நீங்க ஒரே வகையறாவான்னு கேட்டீக. ஆமான்னேன். மாப்பிள்ளையான்னு கேக்கவே இல்லயேய்யா."

7. ராஜமாணிக்கம் வந்த நாள்

ஞாயிற்றுக்கிழமை அவர் ஷார்ஜாவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நல்ல உயரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பின்னால் ரம்யா. வாசலுக்கு வெளியே அருண் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, உள்ளே வர பயம்.

பாய் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். ராஜமாணிக்கம் அசையவில்லை.

"பாய், நீங்க படிச்சவங்க, வரைஞ்சிட்டீங்க. எங்க அப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கயிலேயே போயிட்டாரு. எங்கம்மா என்னைத் தூக்கிட்டு திருச்சிப் பக்கம் அவங்க அம்மா ஊருக்கு வந்துட்டாங்க. எனக்கு அப்பாவழின்னு மிச்சம் இருக்கிறது இந்தப் பேரு ஒண்ணுதான். இந்தப் பேரு எங்களது இல்ல, மாமனார் வீட்டுப் பேருன்னு ஒரு படத்தக் காட்டினா நான் எப்பிடி ஏத்துக்கிறது?"

அவர் கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டு நான் டீ கொடுக்கவே பயந்துகொண்டிருந்தேன். கோபம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனுஷருக்குப் பேர் போய்விடுமோ என்று பயம்.

பாய் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை மேஜையில் வைத்தபடி, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பேரு எங்கயும் போவாதுண்ணே. அந்த வீட்டுப் பொண்ணு வயித்துல வந்தவுகதான நீங்க. அதுவும் கல்தூக்கி ரத்தந்தான். பேசிப் பாக்குறீகளா அந்தம்மாட்ட?"

அவர் என் கையிலிருந்த போனையே பார்த்தார். நான் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, மாயழகு பேரன் பேசுறாருக்கா. ராஜமாணிக்கம்."



"ராசுவா? மூக்கொழுகிக்கிட்டு எங்க வீட்டுக் கொல்லையில வெள்ளரிப் பிஞ்சு திருடுவியே, அந்த ராசுவா?"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு நெனப்பில்லைங்க."

"என்னது, 'இல்லைங்க'வா? டேய், எனக்கு நீ மொறை மாப்பிள்ளடா. ஒங்க அப்பாரு உசுரோட இருந்திருந்தா, நாலு வயசு மூப்பா இருந்தா என்னன்னு உன்னத்தான் என் தலையில கட்டியிருப்பாரு. நல்ல வேளை தப்பிச்சேன்."

ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜமாணிக்கம் காது வரை சிவந்துபோனார். அவ்வளவு பெரிய ஆள் வெட்கப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்கப்பா எப்பிடி இருப்பாரு?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஒசரமா இருப்பாரு. சிரிச்சா தெருக்கோடிக்குக் கேக்கும். நல்ல மனுசரு. வேட்டி வாங்க மட்டும் தெரியாது."

அந்த வேட்டி வழக்கு முழுவதையும் அவர் கேட்டார். கேட்டுவிட்டு, அருண் தன் மகளைக் கட்டிக்க ஆசைப்படுவதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் லீவுல வர்றேன். நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"எதுக்குடா, எங்க அப்பாரு என்ன எந்திரிச்சா வரப்போறாரு? பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா. எங்க பயலுக்குப் பாக்கணும்."

போனை வைத்துவிட்டு அவர் டீயைக் குடித்தார். ஆறிப் போயிருந்தது. பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அருண் விறைத்து நின்றான்.

"குட் ஈவ்னிங் அங்கிள்."

"அங்கிள் என்னடா அங்கிள்?" என்றார். "மாமான்னு கூப்பிடு."

8. பிள்ளைகளுக்கு

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். போனில் பேசும்போது, அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்காதீர்கள். பேரைச் சொல்வார்கள், வகையறாவைச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும், ஒன்றுக்கும் உதவாமலும் இருக்கும். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு என்ன கொண்டு போனீர்கள், அவர்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். குறைபட்டுக்கொண்டால் குறுக்கே பேசாதீர்கள். நல்ல உறவை மறந்துவிடுவார்கள். குறையான செய்முறையை மறக்கவே மாட்டார்கள்.

கூச்சமாக இருந்தால் இருக்கட்டும். எனக்கு இன்றைக்கும் முதல் மணி அடிக்கும்போது வைத்துவிடலாமா என்று தோன்றுகிறது. அந்தப் பக்கம் எடுக்கிறவர்களுக்கு அது தெரியாது.